வலுவான சீட்டைக் கவிழ்ப்பது எப்போது? கிள்ளான், 1941



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சூதினைத் தனி அதிகாரம் வகுத்துக் கடிந்தவர் வள்ளுவர். நானும் அதனைப் புகழ வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் போக்கர் என்னும் ஆட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. அந்த நுட்பத்தைத் துணையாகக் கொண்டு பார்க்கும்போது, நம் கிள்ளான் மண்ணில் 1941-இல் நிகழ்ந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் சில முடிச்சுகள் அவிழ்வதாக எனக்குத் தோன்றுகிறது. ஆகவேதான் இக்கட்டுரை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று பரவலாக ஆடப்படும் வடிவத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பிறகு ஐந்து சீட்டுகள் மேசை நடுவே எல்லாருக்கும் பொதுவாகப் படிப்படியாகத் திறக்கப்படும். கட்டத்துக்குக் கட்டம் பணயம் கூடும். தொடர விரும்பாதவர் தம் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதுவரை வைத்த பணத்தை மட்டும் இழந்து விலகலாம். மட்டமான சீட்டைக் கவிழ்ப்பதில் யாருக்கும் தயக்கம் இராது. இரண்டு ஏஸ் வந்தவனுக்குத்தான் சோதனை. எதிரே ஒருவர் மட்டும் ஏதோ இரண்டு சீட்டுகளுடன் இறுதிவரை ஆடினால், ஏஸ் இணையை வைத்திருப்பவன் நூற்றுக்கு ஏறத்தாழ 85 முறை வெல்வான். ஆனால் மேசை நடுவே நான்கு டைமண்ட் சீட்டுகள் திறந்துவிட்டன. அவன் கையிலோ ஒரு டைமண்டும் இல்லை. எதிராளி தயக்கமின்றிப் பணயத்தை உயர்த்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவன் கையிலுள்ள ஏஸ் இரண்டும் முன்பிருந்த அதே ஏஸ்களாகவே இருக்கும். அவற்றின் மதிப்பு மட்டும் மாறியிருக்கும். புதிதாக ஆடுபவர்கள் இந்த இடத்தில்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள். நல்ல சீட்டு வந்த மகிழ்ச்சி ஒரு புறம், ஏற்கெனவே வைத்த பணம் மறுபுறம். இரண்டும் சேர்ந்து கையைப் பிடித்து இழுக்கும்.

நம் தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 48, 49, 50ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. தன் வலிமையோடு செயலின் வலிமை, மாற்றான் வலிமை, இரு பக்கத் துணைவர் வலிமை ஆகியவற்றையும் எடைபோடச் சொல்கிறது முதலாவது. இரண்டாவதில் வரும் ஆட்டுக்கடா பின்வாங்குவது தோற்று ஓடுவதற்காக அன்று என்பதை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறோம்.

இனிக் கிள்ளானுக்கு வருவோம். 1941-இன் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்களின் கையில் இருந்த சீட்டு என்ன? அதற்கு முன் எந்நாளும் அவர்களுக்கு அத்தனை வலுவான சீட்டு வந்ததில்லை என்றே சொல்வேன்.

1938-இல் மலாயாத் தோட்ட நிருவாகங்கள் கூலியைக் குறைக்க முற்பட்டபோது, இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் 15 முதல், உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குக் குடியேறுவதைத் தடைசெய்தது. பல பத்தாண்டுகளாக நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆள் வந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. வேலைக்கு வராதவனின் இடத்தில் புது ஆளை இறக்கிவிடலாம் என்னும் துணிவு துரைமார்களிடம் குன்றியது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டது. ரப்பருக்கும் ஈயத்துக்கும் கிராக்கி ஏறியது. அமெரிக்காவிடமிருந்து டாலரை ஈட்டித் தந்த மலாயா, போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டனுக்கு இன்றியமையாத கருவூலமாயிற்று. பால்மரம் வெட்டுவது ஒரு நாள் நின்றாலும் அது இலண்டன் வரை உறைக்கும் காலம் அது. போதாக்குறைக்கு, 1937-இல் காஜாங் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்து சீனத் தொழிலாளர்கள் கூலி உயர்வு பெற்றதைத் தமிழர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். ஒரே மரத்தை ஒரே கத்தியால் வெட்டுபவருக்கு இரு வேறு கூலி ஏன் என்ற கேள்வி எழுந்தது. தமிழ் ஆண் தொழிலாளியின் நாட்கூலி அப்போது 50 காசு. பெண்களுக்கு அதனினும் குறைவு.

இந்தச் சீட்டை ஒன்றுசேர்த்து ஒரு கையில் பிடித்தது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கப்பட்டு 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர் அவர். தோட்டத்துக்கு வெளியே இருந்து வந்த படித்த மனிதர் என்பதும், துரை சீட்டுக் கிழித்து வெளியேற்ற முடியாதவர் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கவை. கங்காணியோ கிராணியோ தோட்டத்தின் சம்பளத்தில் வாழ்பவர்கள். நாதன் அப்படியல்லர்.

சங்கத்தின் கோரிக்கைகளை நான் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறேன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது முதலில் நிற்கிறது. கொடுமை செய்யும் கிராணிமார்களை நீக்கித் தமிழறிந்தவர்களை அமர்த்த வேண்டும். பெண் தொழிலாளர்களிடம் துரைமார்களும் மேலாட்களும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். தகுந்த மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. சங்கம் அமைக்கவும் பேசவும் கூடவும் உரிமை வேண்டும். குறை சொன்னவர்களைப் பழிவாங்கலாகாது.

பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அப்பட்டியலில் இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளியை நடத்த வேண்டும் என்று 1923-இன் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் சொன்னதற்கும் லயத்து ஓரக் கொட்டகையில் நடந்ததற்கும் இடையே இருந்த தொலைவை நம் மூத்த ஆசிரியர்கள் அறிவார்கள். கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் சொன்ன பள்ளிகளும் உண்டு. கல்விக்காக இம்மண்ணில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள் என்பதை இன்றைய பெற்றோர் எத்தனை பேர் அறிவர்?

இன்னொரு கோரிக்கையும் உண்டு. துரையோ மேலாளோ எதிரே வந்தால் தொழிலாளி தன் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். இறங்காமல் ஓட்டிச்செல்ல அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். இதற்கு ஒரு காசும் செலவாகாது. ஆனால் துரைமார்களை மிகவும் உறுத்தியவற்றுள் இத்தகைய செய்கைகளே முன்னின்றன என்று நான் எண்ணுகிறேன். தொழிலாளர்கள் காந்தி தொப்பி அணிந்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். கூலியைப் பத்துக் காசு உயர்த்துவது கணக்குப் புத்தகத்தோடு முடியும் காரியம். தொப்பி அணிந்தவன் மிதிவண்டியை விட்டு இறங்காமல் போவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆண்டின் தொடக்க மாதங்களில் வேலைநிறுத்தங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் பரவின. யூபாம் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட மலாயாத் தோட்ட நிருவாகத்தினர் சங்கம், படிப்படியாக இறங்கி வந்து 50 காசோடு பத்துக் காசு படி சேர்த்து 60 காசு தர முன்வந்தது. ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. சீனத் தொழிலாளரின் கூலியை அது எட்டவில்லை. ஏனைய கோரிக்கைகளில் பெரும்பாலானவை தீரவில்லை. ஏப்ரலில் நாதன் அதனை ஏற்றுக்கொண்டு, வேலைக்குத் திரும்புமாறு தொழிலாளர்களிடம் சொன்னார். பெரும்பாலோர் திரும்பினார்கள்.

ஏஸ் இணையைக் கவிழ்த்த இடம் இதுதான். கவிழ்த்தது சரியா? அவசரப்பட்டுவிட்டார், இன்னும் சில கிழமைகள் தாக்குப்பிடித்திருந்தால் சமக்கூலியே கிடைத்திருக்கும் என்று வாதிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கையிலுள்ள சீட்டை மட்டும் பார்த்தால் அந்த வாதம் நிற்கும். ஆனால் குடியிருந்த லயம் தோட்டத்தினுடையது. அரிசி வாங்கிய கடை தோட்டத்தை அண்டியது. வேலை போனால் அன்றே வீடும் போகும். எதிர்ப்பக்கத்திலோ காவல்துறையும், விசாரணையின்றி ஒருவரை நாடு கடத்தும் சட்டமும், போர்க்காலம் என்னும் சாக்கும் இருந்தன. அவை அதுவரை மேசைமேல் திறக்கப்படவில்லை. எனினும் அவை இருப்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். கிடைத்த 60 காசைப் பெற்றுக்கொண்டு, சங்கத்தைச் சிதையாமல் காத்துக்கொண்டு, மற்றவற்றைப் பிறகு கேட்கலாம் என்று முடிவெடுத்தது கோழைத்தனம் ஆகாது. கட்டுக்கோப்பாகத் தொடங்கத் தெரிந்த மக்கள் கட்டுக்கோப்பாக நிறுத்தவும் தெரிந்தவர்கள் என்று காட்டியதே பெரும் வலிமை.

அந்த வலிமையே மறுபக்கத்துக்கு அச்சம் தந்தது போலும். உடன்பாட்டுக்குப் பிறகும் ஆங்காங்கே சிறு சிறு வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன. இவற்றுக்கெல்லாம் நாதனே காரணம், அவர் காங்கிரசு அரசியலைத் தோட்டத்துக்குள் கொண்டுவருகிறார் என்று தோட்ட நிருவாகத்தினர் முறையிட்டனர். நாதன் தேசிய உணர்வு கொண்டவர் என்பதில் ஐயமில்லை. அதனை அவர் மறைக்கவும் இல்லை. 1941 மே மாதத் தொடக்கத்தில் அவர் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இக்கைதுக்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாதனை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் கிள்ளானில் திரண்டனர். வேலைநிறுத்தம் மீண்டும் மூண்டு சிலாங்கூரின் பெரும்பகுதிக்குப் பரவியது. இம்முறை கேட்டது காசை அன்று, ஒரு மனிதரை. மே நடுவில் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படை வரவழைக்கப்பட்டது, வந்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். சிறை சென்றோர், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர், மீண்டும் வேலை தரப்படாதோர் எனக் குடும்பங்கள் சிதறின. வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது.

மே மாதத்தில் அவர்கள் சீட்டைக் கவிழ்த்திருக்க வேண்டாமா? மேசை நடுவே நான்காவது டைமண்ட் திறந்துவிட்டது கண்ணுக்குத் தெரியவில்லையா? உயர்நிலைப் பள்ளியில் பயிலும் என் முன்னாள் மாணவர்கள் சிலர் இக்கேள்வியை என்னிடம் கேட்டதுண்டு. 'பாவம், உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாமாகவே நம் மக்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் எளிய விடை அது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோரை ஒரு சொல்லால் வேலைக்குத் திரும்பச் செய்ய ஒருவரால் முடிந்தது. சீட்டைக் கவிழ்க்கும் முடிவை எடுக்கவும், அதனை மற்றவர்கள் ஏற்கச் செய்யவும் வல்லவர் அவர். மேயில் அவரையே அரசு எடுத்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சி நின்றவர்கள் தனித்தனித் தோட்டத்தினர். யார் முதலில் திரும்புவது? திரும்பினால் பழிவாங்க மாட்டார்கள் என்று யாரை நம்புவது? ஒப்பந்தம் செய்துகொண்டவரையே ஒரு மாதத்துக்குள் சிறையில் அடைத்தவர்களிடம் மறுபடியும் எதனை ஒப்பந்தம் செய்வது? ஏப்ரலில் பின்வாங்கியதற்குக் கிடைத்த பரிசு மேயில் கைது. இதனைக் கண்ட பிறகு இன்னொரு முறை பின்வாங்குவதில் பொருள் உண்டென்று அவர்கள் எப்படி நம்பியிருப்பார்கள்? விலகுபவன் அதுவரை வைத்ததை மட்டும் இழப்பான் என்பது சீட்டு மேசையின் விதி. கிள்ளானில் அந்த விதி இல்லை.

அதற்காக, கொடுத்த விலையைக் குறைத்துச் சொல்லவும் நான் விரும்பவில்லை. ஐந்து உயிர் என்பது பாடநூல் வரிக்குள் அடங்கும் எண்ணிக்கை. அவர்களின் மனைவி மக்களுக்கு அப்படியன்று. போராட்டம் என்றாலே புகழ்ந்து எழுதிவிடும் பழக்கம் நம் இதழ்களில் உண்டு. இறந்தவர் குடும்பங்கள் பிறகு எங்கே போயின, எந்த லயத்தில் யார் அடைக்கலம் தந்தார் என்று தேடி எழுதியோர் மிகக் குறைவு.

ஆகவே, வலுவான சீட்டைக் கவிழ்த்திருக்க வேண்டியவர் யார் என்னும் கேள்வியை நான் மறுபக்கத்தை நோக்கியே திருப்புகிறேன். 1941 மேயில் மிக வலுவான சீட்டு அரசின் கையில்தான் இருந்தது. கைது செய்யலாம், நாடு கடத்தலாம், படையை அழைக்கலாம். அதனை ஆடினால் வெல்வது உறுதி, ஆடினார்கள், வென்றார்கள். எதனை வென்றார்கள்? கூலித் தகராறு ஏப்ரலிலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது. மேயில் பணயமாக இருந்தது துரைமார்களின் கௌரவம் ஒன்றே. அதற்காக, தம் சொந்த நலனுக்கே தேவைப்பட்ட அமைதியான தோட்டங்களையும், பேசித் தீர்க்கக்கூடிய ஒரு தலைவரையும் மேசையில் வைத்தார்கள். நாதனை வெளியே விட்டுவைத்திருந்தால் நாளைக்கு இன்னும் ஐந்து காசு கேட்டிருப்பார், மிதிவண்டியைப் பற்றி மீண்டும் பேசியிருப்பார். அவ்வளவுதான்.

ஏழு மாதம் கழித்து, 1941 டிசம்பர் 8 அன்று சப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 சனவரி 11 அன்று கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார்கள் தோட்டங்களை விட்டுத் தெற்கே போனார்கள். லயங்களில் இருந்தவர்கள் அங்கேயே விடப்பட்டார்கள். 1943 சூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபோது, மலாயாவின் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியத் தேசிய இராணுவத்தை நாடிச் சென்றனர். அவர்கள் அனைவரையும் கிள்ளான் துப்பாக்கிச் சூடு அங்கே அனுப்பியது என்று சொன்னால் அது மிகை. விடுதலை வேட்கை ஒரு பக்கம். சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்படுவதிலிருந்து தப்பும் வழி இன்னொரு பக்கம். ஆனாலும் பிரிட்டிஷ் ஆட்சிக்காகத் துடிக்க அம்மக்களுக்கு ஒரு காரணமும் விட்டுவைக்கப்படவில்லை என்பது தெளிவு.

போருக்குப் பின் கதை வேறு தடத்தில் ஓடியது. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பி. பி. நாராயணன் முதலியோர் பேச்சுவார்த்தையையே முதன்மை வழியாகக் கொண்டு 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கினர். கேட்க வேண்டிய அளவு கேட்கவில்லை என்ற குறை அச்சங்கத்தின்மேல் நெடுங்காலம் இருந்துவந்தது. அது தனியே எழுத வேண்டிய செய்தி. அதிலும் சீட்டைக் கவிழ்த்த தருணங்கள் பல உண்டு.

தேசியப் பாடத்திட்டத்தில் 2014 முதல் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு தனிப் பாடமாகிவிட்டது. ஆசிரியர்கள் இந்நிகழ்வை வகுப்பில் எடுத்துரைக்க விரும்பினால், கோரிக்கைப் பட்டியலிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைப்பேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிருவாகத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு, வகுப்பைத் தொழிலாளர், நிருவாகம், அரசு என மூன்றாகப் பிரித்து, ஏப்ரலில் நிறுத்துவதா தொடர்வதா, மேயில் கைது செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சொல்லுங்கள். நான் இதனை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் செய்து பார்த்தேன். தொழிலாளர் குழு அரை மணி நேரம் வாதிட்டு 60 காசுக்கு இணங்கியது. அரசுக் குழுவில் இருந்த ஒரு சிறுமி, "இவங்கதான் வேலைக்கு வந்துட்டாங்களே சார், பிறகு எதுக்குப் பிடிக்கணும்?" என்று கேட்டாள். அக்குழுவினர் அதன்பின் கைது ஆணையில் கையெழுத்திட மறுத்துவிட்டனர்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். கிள்ளான், காப்பார், கோல சிலாங்கூர்ப் பகுதித் தோட்டங்களில் 1941-இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிய வயது. அத்தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. உங்கள் குடும்பத்தில் அத்தகைய மூத்தவர் எவரேனும் இருந்தால், அந்த மே மாதத்தைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே பிள்ளைகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரையும், முடிந்தால் லயத்தின் எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.